இடப்பக்கத் துடுப்பு

டிசம்பர் 29

பாப்பா தூங்குகிறாள். தொட்டில் கயிறு என் கால் பெருவிரலில் மாட்டியிருக்கிறது, கை எழுதுகிறது. எதையும் அன்றன்றே எழுத முடிவதில்லை. இது நேற்று முன்தினம் நடந்தது.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுத் தண்ணீரில் இறங்கினேன். மழை நின்று ஆறு தெளிந்து கிடக்கிறது. ராக்கினி படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏறுட்டி மகராணி, ஒனக்காண்டி படகுக்குப் பூசையா போடணும்?" என்றாள். ஏறினேன். முந்நூறு மீட்டரில் மார்பில் பால் கட்டி, சட்டை நனைந்து, கரைக்கு வந்தபோது பாப்பா இவர் தோளில் கிடந்து கத்திக்கொண்டிருந்தாள். (ஆதிநாதன் என்று எழுதினால் வேறு யாரோ போலிருக்கிறது. இவர் இவராகவே இருக்கட்டும்.)

பாப்பாவைப் பார்க்க வந்த முறப்பநாட்டுப் பெரியம்மைக்கு என் விளையாட்டு இன்னும் பிடிபடவில்லை. "முட்டி போட்டுக்கிட்டே தொழாவுவியாமே, எதுக்குட்டி? உக்காந்தா என்ன?" என்றார். ஒல்லிப் படகு, இரண்டு பேர், ஆளுக்கொரு துடுப்பு, ராக்கினி முன்னால் வலது பக்கம், நான் பின்னால் இடது பக்கம், தூரம் ஐந்நூறு மீட்டர் என்று சொன்னேன். "ஐநூறு மீட்டருன்னா நடந்தே போயிரலாம்லா" என்றார். இவர் சிரித்த சிரிப்பில் பாப்பா விழித்துவிட்டாள்.

என் பழைய கட்டையை எலி தின்றிருக்கிறது. படகின் தரையில் மாட்டி அதில் முட்டியை ஊன்றுவோமே, ஓட்டியதும் கழற்றி அவரவர் எடுத்துப்போவது, அந்த ஃபோம் கட்டை. இவரே பட்டறையில் புதிதாக ஒன்று வெட்டி, மேலே கறுப்பு ரப்பர் ஒட்டி, என் முட்டி அளவுக்குக் குழி எடுத்துக் கொண்டுவந்தார். எங்கள் படகுக் கழகத்துப் படகுகளுக்கெல்லாம் ஃபைபர் வேலை பார்ப்பவர் இவர்தான். தொட்டில் கம்பி கட்டும்போதே ரசமட்டம் வைத்துப் பார்த்த மனுஷர். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நகை வாங்கித் தந்திருந்தால் இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

பிப்ரவரி 17-ஆம் தேதி பெயர் அனுப்ப வேண்டும். ஆலப்புழையில் இருபத்தொரு நாள் தேசிய முகாம். ராக்கினியின் இடம் உறுதி. அவளுக்குப் பின்னால் யார் என்பதுதான் கேள்வி. நான் பிள்ளைபெறப் போயிருந்தபோது பின்னால் முட்டி போட்டவள் மெர்சி. பத்தொன்பது வயது. அவளும் இடது.

ஜனவரி 4

பாப்பா மூன்று நாளாகச் சரியாக வெளிக்குப் போகவில்லை. திராட்சைத் தண்ணீர் கொடுத்தோம். இன்று போனாள். நிம்மதி.

படகு இடப்பக்கமாகச் சாய்கிறது. வழுக்கிக்கொண்டே போகிற மாதிரி இருக்கிறது. சாய்வைச் சமாளிக்க நான் வலப்பக்கம் உடம்பை இழுத்துப் பிடிக்கிறேன், அதிலேயே பாதி பலம் போய்விடுகிறது. எங்கள் கோச் எட்வின் சார் கரையில் சைக்கிளில் வந்துகொண்டே கத்தினார்: "வடிவு, பின்னால இருக்கவதான் திசை! நீ வளஞ்சா படகு வளையும்!"

பிள்ளை பெற்றால் இடுப்பு எலும்பு விலகும் என்று எங்கேயோ படித்தேன். சரியாகச் சேராமல் போய்விட்டதோ? குளிக்கும்போது இரண்டு பக்கமும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஜனவரி 9

அத்தை இன்று சோற்றைப் போட்டுக்கொண்டே, "பிள்ள பாலுக்கு ஏங்குது. தண்ணிக்குள்ள போயி என்னத்த வாரிக்கிட்டு வரப்போறியோ" என்றார். இவர் உடனே, "எம்மா, சும்மா கெட. அவ போகட்டும்" என்றார். அத்தை முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கரையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரே ஆண் இவர்தான். "ஆதியண்ணன் மாதிரி ஒரு மாப்பிள்ள இருந்தாச் சொல்லுக்கா, நாளைக்கே கழுத்த நீட்டுதேன்" என்று மெர்சி சொன்னாள். அவள் என்னை அக்கா என்கிறாள். அது பிரியமா, வயதைச் சொல்லிக்காட்டுவதா, தெரியவில்லை.

ராக்கினியும் மெர்சியும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறார்கள். நான் போனால் பேச்சு நிற்கிறது. ஒன்பது வருஷம் என் துடுப்புச் சத்தத்தைத் திரும்பிப் பார்க்காமலே நம்பியவள் ராக்கினி. இப்போது படகு சாய்கிறபோதெல்லாம் அவள் தோள் இறுகுவது பின்னாலிருந்து எனக்குத் தெரிகிறது.

ஜனவரி 16

பொங்கல் அடுப்புக் கரி இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது. இவர் ரெசின் வாங்க 14-ஆம் தேதியே கொச்சிக்குப் போய்விட்டார். பொங்கலன்று யாராவது போவார்களா என்று அத்தைக்குக் கோபம். புதுக்கட்டை இவர் பைக் பெட்டிக்குள் கிடந்து, பைக்கோடு திருநெல்வேலி ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. எலி தின்ற பழைய கட்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நேற்றும் இன்றும் ஓட்டினேன்.

என்னவென்று எழுதுவது! இன்று படகு பறந்தது. ராக்கினி நடுவில் "ஏட்டி!" என்று ஒரே ஒரு தரம் கத்தினாள், சந்தோஷத்தில். 2:19. கர்ப்பத்துக்கு முன்னால் எங்கள் நேரம் 2:16. எட்வின் சார் கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "கரும்புல எதும் கலந்துட்டாளா ஒங்க அத்தை?" என்றாள் ராக்கினி.

உடம்பு திரும்பி வருகிறது. வருகிறது, வருகிறது.

ஜனவரி 18

இவர் வந்துவிட்டார். பாப்பாவுக்கு ஒரு மரக் கிலுகிலுப்பை. புதுக்கட்டையையும் மறக்காமல் எடுத்துத் தந்தார். படகு மறுபடி சாய்கிறது. பொங்கல் தெம்பு இரண்டு நாளுக்குத்தான் போல.

ஜனவரி 25

2:28.

கரையேறியதும் படகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். இவர் பாப்பாவை மெர்சியிடம் கொடுத்துவிட்டு வந்தார். இவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். ரெசின் வாடையும் பாப்பா பவுடர் வாடையும் சேர்ந்து அடித்தது. "ஒடம்பு ஒடம்புதான் வடிவு" என்று முதுகைத் தடவினார். "அது ஒரு உசிரப் பெத்த ஒடம்பு. அதப் போட்டு வையாத. முடியலன்னா விட்டுரு. யாரும் ஒன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

இவர் இல்லாவிட்டால் இந்த மாதத்தை எப்படிக் கடந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 3

எட்வின் சார் முடிவு சொல்லிவிட்டார். காலையில் ராக்கினியோடு நான்: 2:27. அரை மணி நேரம் கழித்து ராக்கினியோடு மெர்சி: 2:22. சார் என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த வருஷம் பாப்போம்மா. நீ எங்க போயிரப் போற" என்றார். ராக்கினி படகைக் கழுவிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது ஓட்டத்தில் அவள் கூடுதலாக இழுத்தாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை எழுதிவைக்கிறேன்.

மத்தியானம் பாப்பாவோடு படுத்து இரண்டு மணி நேரம் தூங்கினேன். கனவில்லாத தூக்கம். அதைப் பற்றி யோசிக்க விருப்பமில்லை.

பிப்ரவரி 5

பாப்பாவுக்கு எண்ணெய்க் குளியல். பின்கட்டில் சிமெண்டுத் தரையில் காலை நீட்டி, பாப்பாவைக் காலில் கிடத்தியிருந்தேன். காய வைத்திருந்த என் கட்டை பக்கத்தில் கிடந்தது. எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தால் பாப்பா தட்டிவிடுவாள் என்று கட்டையின் மேல், முட்டிக்குழிக்கு அடுத்த தட்டையான இடத்தில் வைத்தேன். எண்ணெய் கிண்ணத்தில் என் பக்கமாக ஏறி நின்றது. தரைதான் சரிவு என்று கட்டையைத் திருப்பி வைத்தேன். எண்ணெய் எதிர்ப்பக்கமாக ஏறி நின்றது.

மறுபடி திருப்பினேன். மறுபடி மாறியது.

சரிவு தரையில் இல்லை.

பாப்பாவைத் துடைத்து, சாம்பிராணி காட்டி, பால் கொடுத்துத் தூங்க வைத்தேன். எதையும் அவசரமாகச் செய்யவில்லை. அதன் பிறகு இவருடைய பெட்டியைத் திறந்து ரசமட்டத்தை எடுத்தேன். முதலில் தரையில் வைத்தேன், குமிழி நடுவில் நின்றது. கட்டையின் மேல் வைத்தேன், வலது ஓரத்துக்கு ஓடியது. ரப்பரை ஒரு முனையில் உரித்துப் பார்த்தேன். உள்ளே ஃபோமில் பேனாக் கோடு. வலப்பக்கம் பதினொன்று என்றும் இடப்பக்கம் ஒன்பதரை என்றும் இவர் கையெழுத்து. ஒன்றரை சென்டிமீட்டர். கை தவறி வெட்டியிருந்தால் அளவு எழுதியிருக்க மாட்டார்.

ரப்பரைத் திரும்ப ஒட்டி வைத்தேன். ஏன் ஒட்டினேன் என்று தெரியவில்லை. இவர் சாப்பிட வந்தபோது புளிக்குழம்பில் உப்பு குறைவு என்றார். உப்பு எடுத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 6

பாப்பாவுக்குக் கீழ்ப்பல் ஒன்று முளைக்கிறது.

பிப்ரவரி 7

இந்த நோட்டை டிசம்பரிலிருந்து படித்தேன். எழுதியபோது கண்ணில் படாதது இப்போது வரிக்கு வரி கண்ணில் படுகிறது. இவர் கொச்சியில் இருந்த நாளில் பறந்திருக்கிறேன். கட்டை வந்த நாளில் சாய்ந்திருக்கிறேன். நடுவில் என் இடுப்பெலும்பைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், வயதைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், ஒன்பது வருஷத் தோழியைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். 25-ஆம் தேதியை மட்டும் திரும்பப் படிக்க முடியவில்லை. சரிவாக வெட்டியதைக்கூட ஒருநாள் பொறுத்துக்கொள்வேனோ என்னவோ. அந்தக் கை என் முதுகைத் தடவியதே.

பிப்ரவரி 8

பழைய கட்டையை எடுத்துக்கொண்டு ராக்கினி வீட்டுக்குப் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஒன் கட்ட சரிவா இருக்கது. படகக் கவுத்துக் கழுவையில பாத்தேன். ரெண்டாவது வாரம்."

"பாத்துட்டுமா சொல்லல?"

"ஏட்டி, அடுத்தவ கட்டையப் பத்தி எவளாவது பேசுவாளா? ஆளாளுக்கு ஒரு மாதிரி வெட்டுவாளுவ. என் கட்டையில பாதிக்கு மேல தேஞ்சு போயிருக்கு, நீ என்னைக்காவது கேட்டியா? பிள்ள பெத்தவ இடுப்புக்குத் தோதா சரிச்சு வெட்டிருக்காவன்னு நெனச்சேன். ஆதியண்ணன்தான் வெட்டினாவன்னு வேற நீயே எங்கிட்ட சொன்ன."

உண்மைதான். அடுத்தவர் கட்டையைத் தொடுவதுமில்லை, குறை சொல்வதுமில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அது. அது இவருக்கும் தெரியும்.

"அப்ப அன்னைக்கு மெர்சியோட ஓட்டையில கூடுதலா இழுத்தியா?" என்று கேட்டேன்.

"போட்டேன்னா துடுப்பாலேயே போடுவேன். ஒன்னோட ஓட்டின களைப்புல செத்துக் கெடந்தேன்."

இருவரும் தண்ணீருக்குப் போனோம். நேரான கட்டை. பத்தாவது இழுப்பில் வலப்பக்கம் கவிழ்ந்தேன். அவளையும் சேர்த்துக் கவிழ்த்தேன். எட்டு வருஷமாக நான் கவிழ்ந்ததில்லை. ஏறினோம். மறுபடி கவிழ்ந்தோம். ஜனவரியில் உடம்பு இன்னும் பழகியிருக்கவில்லை. இப்போது ஆறு வாரத்தில் அந்தச் சரிவைக் கற்றுக்கொண்டுவிட்டது. இல்லாத சாய்வுக்கு எதிராக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. நேராக இருப்பதுதான் இப்போது எனக்குச் சரிவாகத் தெரிகிறது.

மூன்றாவது தரம் கவிழ்ந்து தண்ணீரில் நின்றபோது ராக்கினி மூக்கைச் சிந்திவிட்டு, "நாளைக்குக் காலம்பற அஞ்சரைக்கு வா. எட்வின் சார் வரதுக்கு முந்தி" என்றாள்.

பிப்ரவரி 10

கேட்டேன். அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார். கட்டையை ரப்பர் உரித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன், எண் தெரிகிற பக்கமாக. இவர் பார்த்தார். பொய் சொல்லவில்லை. அதற்கு நான் தயாராக இல்லை.

"நான் ஒன்னைய வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னனா?"

"சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன்."

"அதான் சொல்லல." தலை குனிந்திருந்தது. "நீயா விட்டா ஒனக்கும் வருத்தம் இருக்காதுன்னு நெனச்சேன்."

"எனக்கு வருத்தம் இல்லாமலா இருந்துச்சு? ஒங்க தோள்லதான அழுதேன்?"

பிரசவத்தன்று எனக்கு ரத்தம் நிற்காமல் போனபோது டாக்டர் ஒரு காகிதத்தில் கையெழுத்து கேட்டதைச் சொன்னார். இவருக்குப் பேனா பிடிக்க வராமல் நர்ஸ்தான் கையைப் பிடித்துப் போட வைத்தாளாம். அதிலிருந்து நான் தண்ணீரில் இறங்கினால் கரையேறும்வரை இவருக்குப் பயமாம். இதை இதுவரை என்னிடம் சொன்னதில்லை. சொல்லும்போது அழுதார். நான் எழுந்து போய் அடுப்பிலிருந்து பாலை இறக்கினேன்.

உண்மையாகத்தான் இருக்கும். 2014-இல் இவரும் முகாமுக்கு முயன்று கடைசி ஓட்டத்தில் கால் நொடியில் தோற்றதையும், அதன் பிறகு துடுப்பையே தொடாததையும் இதோடு சேர்த்து எழுத எனக்கு விருப்பமில்லை.

பிப்ரவரி 12

இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டு எட்வின் சாரிடம் போனேன். ராக்கினி கூட வந்தாள். இவர் வழக்கம்போலப் பாப்பாவோடு நின்றார், நான்கைந்து பேர் படகு துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"காரணம் வேணும்லா வடிவு? நேரம் நேரம்தான்."

"கட்ட சரிவா இருந்துச்சு சார்" என்றாள் ராக்கினி.

"கட்டையா?" சார் சிரித்துவிட்டார். "கட்ட அவனவன் பொறுப்பு. அத எவன் வெட்டினான்?"

நான் இவரைப் பார்த்தேன். சாட்சிக்குக் கூப்பிடுவதுபோல இல்லை. சொல்வார் என்று நம்பித்தான் பார்த்தேன். இரண்டு நாளுக்கு முன் அழுதவர்தானே.

"வடிவே வெட்டினா சார்" என்றார் இவர். "நான் ரப்பர் மட்டும்தான் ஒட்டினேன். அளவு தப்பிட்டா போல, பாவம்." பாப்பாவின் தலையைத் தடவினார்.

மெர்சிகூட "அய்யோ அக்கா" என்றாள்.

என் காதுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி ஒரு இரைச்சல். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எண் எழுதிய கட்டை வீட்டில் இருக்கிறது. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் புருஷனைக் காட்டிக்கொடுத்து ஓட்டம் கேட்பவளாக ஆவதா? ராக்கினியின் வாய் திறந்தது. அவள் கையைக் கிள்ளினேன்.

"ஆமா சார். என் தப்புதான்" என்றேன்.

சார் 16-ஆம் தேதி கொடுத்தார். முதலில் மெர்சி, பிறகு நான், ராக்கினிக்கு நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு.

வீட்டுக்கு வரும் வழியில் பைக்கில் இவர் முதுகைத் தொடாமல் உட்கார்ந்து வந்தேன். பாப்பா நடுவில்.

பிப்ரவரி 16

மெர்சி 2:21.8.

நாங்கள் 2:21.2.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் நினைவில்லை. நானூறு மீட்டர் மிதவையைத் தாண்டியதும் உடம்பு பழையபடி வலப்பக்கம் இழுத்தது. ராக்கினி திரும்பாமலே, "நேரா, நேரா, நேரா" என்று மூச்சுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இழுத்தாள். ஏற்கெனவே ஐந்நூறு ஓட்டிய உடம்பு. கரையேறியதும் வாந்தி எடுத்தாள். மெர்சி அழுதுகொண்டே அவள் முதுகைத் தேய்த்துவிட்டாள்.

எட்வின் சார் இவரிடம், "கைப்பிள்ளய வச்சுக்கிட்டு மூணு வாரம் எப்படிப்பா?" என்றார். "நான் பாத்துக்கிடுதேன் சார். எனக்கு என்ன வேல" என்றார் இவர். எல்லாரும் கைதட்டினார்கள், எனக்கில்லை, இவருக்கு.

பிப்ரவரி 25

ஆலப்புழை. வந்து மூன்று நாள். அறையில் ராக்கினியும் நானும். என் அம்மா திருப்பூரில் அண்ணன் வீட்டில் இடுப்பொடிந்து கிடக்கிறாள், அதனால் பாப்பா இவரிடமும் அத்தையிடமும்தான். முகாமில் கைக்குழந்தைக்கு இடமில்லை என்று முதல் கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

ஆறு மணி நேரத்துக்கொருமுறை குளியலறையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறேன். பாப்பா ராகிக் கூழ் குடிக்கிறாளாம். இவர் தினமும் மூன்று வேளை படம் அனுப்புகிறார், கூழ் ஒழுகிய வாய், புதுப்பல், தூங்குகிற முகம். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். என்ன தேடுகிறேன் என்று ராக்கினி கேட்டாள். கொசுக்கடி என்றேன்.

மார்ச் 14

நாளை காலை எட்டு மணிக்குக் கடைசி ஓட்டம். ஆறு ஜோடியில் இரண்டு ஜோடிக்குத்தான் இந்திய அணியில் இடம். நாங்கள் மூன்றாவதா, இரண்டாவதா என்று நாளைக்குத் தெரியும்.

சாயங்காலம் ஐந்தரைக்கு இவர் கூப்பிட்டார்.

"வடிவு, பாப்பாக்குக் காய்ச்சல். நூத்தி ரெண்டு. எதும் குடிக்க மாட்டேங்கா. நீ வந்துரு."

"எப்போலேர்ந்து?"

"மத்தியானத்துலேர்ந்து."

"மத்தியானம் படம் அனுப்பினீங்களே, சிரிச்சுக்கிட்டு இருந்தாளே?"

"அதுக்கப்புறம்தான்."

அத்தையிடம் கொடுக்கச் சொன்னேன். "ஆமாட்டி, பிள்ள ஒடம்பு கொதிக்கி. போட்டிய பொறவு வச்சுக்கிடலாம். கெளம்பி வா" என்றார். மகன் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாரோ? போனைப் பாப்பா பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அழுதாள். போனைக் கண்டால் அவள் தினமும்தான் அழுகிறாள். மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதை அழுத்தி அழுத்திக் கேட்டேன். எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. என் பிள்ளையின் அழுகையை எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

தெர்மாமீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். 102.4. வெந்நீரில் முக்கினாலும் அது அப்படித்தான் காட்டும் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

ஏழு மணிக்கு ஒரு பஸ் உண்டு. ஏறினால் விடிவதற்குள் வீடு. பையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். "போன்னு நான் சொல்ல மாட்டேன், போகாதன்னும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ராக்கினி வெளியே போய் நின்றாள். ஏழு ஆனது. ஏழரை ஆனது.

"டாக்டர்ட்ட காட்டுங்க. நாளைக்கு ஓட்டம் முடிஞ்சதும் வாறேன்" என்று இவருக்கு எழுதி அனுப்பினேன். போன்களை எட்டு மணிக்கு வாங்கி வைத்துவிடுவார்கள். கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

மார்ச் 15

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

2:16.4. இரண்டாவது. இந்திய அணி. ராக்கினி கரையில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ கத்தினாள். நான் போன் கொடுக்கிற மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினான்கு அழைப்புகள். ஒரு படம். பாப்பாவின் புறங்கையில் ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டி, அசையாமல் இருக்க அட்டை வைத்துக் கட்டியிருந்தது. அட்டை மாத்திரை டப்பாவிலிருந்து வெட்டியது. விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

கூப்பிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு நூற்றிநான்கு ஏறி, கண் சொருகி, கைகால் வெட்டி இழுத்ததாம். தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது. தூங்குகிறாள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம். இவர் குரல் கரகரத்திருந்தது. இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தைகூட மிகைப்படுத்தவில்லை. நேற்று சொன்னது அத்தனையும் உண்மை.

ஓட்டம் என்ன ஆனது என்று கேட்டார். சொன்னேன்.

"நேத்து நான் சொல்லும்போதே வந்திருக்கலாம்லா வடிவு? பிள்ளைக்குன்னு கூப்பிட்டா ஓடி வந்துருவன்னு நெனச்சேன்."

எத்தனையோ சொல்லத் தோன்றியது. மன்னிப்பும் கேட்கத் தோன்றியது, அது இவரிடமா, பாப்பாவிடமா என்று தெரியவில்லை.

"ஜனவரி மாசம்னா நம்பி வந்திருப்பேன்" என்றேன்.